வரைவுப் பெட்டியில் ஐந்து கடிதங்கள்

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். மின்னஞ்சலில் நாம் படிக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் நிற்கும், திறந்து பார்த்ததும் மெலிந்துவிடும். முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது? ஆனால் அந்த வாரம் நான் தொடவே தொடாத கடிதங்கள் மெலிந்து கிடந்தன. மின்சாரக் கட்டணம், பழைய மாணவியின் கல்யாண அழைப்பு, பல் வைத்தியரின் நினைவூட்டல். போன வருஷம்தான் கண்புரை எடுத்தேன். பழியைத் தூக்கி டாக்டர் மேல் போட்டேன். யார் மேலாவது பழி போடாமல் எனக்கு ஒரு நாள் விடியாது.

புதன்கிழமை மத்தியானம், மூன்று மணி இருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் பிளாட்டின் ஏழாவது மாடியில், ஜன்னலுக்குக் கீழே ரயில் போய்க்கொண்டிருந்தது. மாணவி மறுபடியும் எழுதியிருந்தாள், தடித்த எழுத்து. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுத் திறக்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணினி எலியைத் தொடவில்லை, விசையைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி மெலிந்தது.

"யாருடா அது?" என்று கத்தினேன். கணினியைப் பார்த்துக் கத்துகிற கிழவி என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்திருப்பாள். நினைக்கட்டும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, நான் ஒருத்திதான் வீட்டில் இருந்தேன். ஆனாலும் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு பயம்.

திரும்பி வந்து வரைவுப் பெட்டியைத் திறந்தேன். எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள் கிடக்கும் இடம் அது. அங்கே ஆறு கடிதங்கள் இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தன. மேலிருந்து கீழே எண்ணினேன், கீழிருந்து மேலே எண்ணினேன். ஐந்துதான்.

ஆறும் என் தம்பிக்கு எழுதியவை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், கிள்ளானில் இருக்கிறான். கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். ஆறு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. அப்பா நெஞ்சு வலியில் துடித்த அன்று முதலில் அவனைத்தான் அழைத்திருக்கிறார், மூன்று தடவை. அவன் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். உள்ளே போகுமுன் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போவது அங்கே சட்டம். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அப்பாவை எரித்த மின்சுடலையில் சொந்தபந்தம் எல்லாம் நிற்க, "நீ போனை எடுத்திருந்தா அப்பா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாருடா" என்று சொன்னேன். அவன் அஸ்தி கரைக்க வந்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு திவசத்துக்கும் அவனுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். "மன்னிச்சிருடா" என்று ஆரம்பிப்பேன், நாலாவது வரியில் சண்டைக்குப் போயிருப்பேன். படித்துப் பார்த்துவிட்டு அனுப்பாமல் மூடிவிடுவேன். நாலாவது வருஷத்துக் கடிதம் மட்டும் வேறு மாதிரி. அன்று எனக்குக் காய்ச்சல், சண்டை போடத் தெம்பில்லை. காணாமல் போனது அதுதான்.

கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே போட்டோஸ்டேட் கடைக்கு ஓடினேன். கடையைப் பார்த்துக்கொள்கிறவர் ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர்க்காரர், வேலை பெர்மிட்டில் வந்து எட்டு வருஷம் ஆகிறது. இந்தத் தெருவில் பாதிப் பேரின் விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பது அவர்தான்.

"பாய், என் மெயிலுக்குள்ள யாரோ இருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். என் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று அதில் வரிசையாக இருந்தது. என் கணினி, என் கைப்பேசி. மூன்றாவதாக, எனக்குத் தெரியாத ஒரு கைப்பேசி. இடம் தெரியவில்லை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, இப்போது இயங்குகிறது.

"இப்பன்னா?"

"இப்பத்தான் டீச்சர். நாம பாக்குறப்ப அவனும் பாக்குறான்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எதற்குப் போர்த்தினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"பாஸ்வர்ட் என்னா வச்சிருந்தீங்க?"

ரகசியமாகக் குனிந்து சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு கல்லாவில் கிடந்த என் கைப்பேசியைத் திருப்பி, வாட்ஸ்அப் புலனத்தில் என் முகப்புப் படத்தைக் காட்டினார். அப்பா தம் லோரிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற படம். போர்ட் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இருபது வருஷம் ஓடிய லோரி. அதன் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது.

"இதானே டீச்சர்?"

அதேதான். நாங்கள் இருந்த கம்பத்து ஊரில் அந்த எண்ணை வைத்து நாலு நம்பர் லாட்டரி எடுக்காத ஆளே கிடையாது. மின்னஞ்சல், கைப்பேசிப் பூட்டு, எல்லாவற்றுக்கும் நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். சாவியை வாசலில் ஆணி அடித்து மாட்டி, பூவும் போட்டு, ஊருக்கே காட்டியிருக்கிறேன். திவசத்துக்குத் திவசம் முகநூலில் வேறு போடுவேன். புத்திசாலி டீச்சர்!

"மாத்திரலாம், மத்த எல்லாத்தையும் வெளிய தள்ளிரலாம்" என்று பாய் தட்டினார். கணினி ஒத்துக்கொள்ளவில்லை. பதிந்து வைத்த கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்புவதாகவும் அதைப் போட்டால்தான் மாற்ற முடியும் என்றும் சொன்னது. "அவனுக்கும் இதேதான் கேட்டிருக்கும். அதான் உள்ள பூந்துட்டாலும் பூட்ட மாத்த முடியல" என்றார். பதிந்து வைத்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது, மீதி எல்லாம் புள்ளி.

அந்த இரண்டு இலக்கம் போதும் எனக்கு. அது தம்பியின் எண். இந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவனே அவன்தான். நான் மாசத்துக்கு ஒரு பிரிபெய்ட் சிம் மாற்றுகிற ஆள் என்பதால் தன் எண்ணையே பதிந்துவிட்டான். அப்பா மூன்று தடவை அழைத்த அதே எண்.

உடனே புத்தி பழைய இடத்துக்கே போனது. திறந்து கொடுத்தவன், எண்ணும் அவனுடையது. உள்ளே இருப்பதும் அவன்தான்! பாய் கையிலிருந்த என் கைப்பேசியைப் பிடுங்கி அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"டேய், என் மெயிலுக்குள்ள பூந்து பாக்குறது நீதானா?"

"ஆறு வருஷம் கழிச்சிக் கூப்புட்டு இதான் கேக்குறீங்களா அக்கா?" என்றான்.

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன். அவனே தொடர்ந்தான்.

"நேத்து நீங்கதானே மெயில் போட்டீங்க? ‘உன் கைப்பேசிக்கு ஓர் எண் வரும், தயவுசெய்து அனுப்பவும்’னு. நீங்க என்னைக்கு என்கிட்ட தயவுசெய்துன்னு சொல்லியிருக்கீங்க? இது நீங்க இல்லன்னு அப்பவே தெரிஞ்சிருச்சிலா. அதான் அனுப்பல."

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த காகிதக் கட்டை அடுக்கினார்.

"அப்ப அதுக்கு முன்னால வந்த லெட்டரும் நீங்க எழுதல" என்றான். "அப்படித்தானே?"

அப்போதுதான் விளங்கியது. அந்த முகம் தெரியாதவன் என் ஆறு கடிதங்களையும் உட்கார்ந்து படித்திருக்கிறான். சண்டையில்லாத ஒன்றைப் பொறுக்கி எடுத்து, என் பெயரில் தம்பிக்கு அனுப்பி, அவன் மனசு இளகியதும் எண்ணைக் கேட்டிருக்கிறான். எதை அனுப்பினால் என் தம்பி இளகுவான் என்று எனக்குத் தெரியாதது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எண் வந்துருச்சி. சொல்லவா, எழுதிக்கிறீங்களா?" அவன் குரல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் குரல் மாதிரி இருந்தது. எண்ணை வாங்கி வைத்துவிட்டால் கணக்கு எனக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த மன்னிப்பு ஒரு திருடன் கேட்டது என்றே அவன் காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பான்.

"இருடா" என்றேன். "அனுப்புனது நான் இல்ல. எழுதுனது நான்தான். ரெண்டு வருஷமா உள்ளயே கெடந்துச்சி, அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல. அன்னைக்கு மின்சுடலையில நான் சொன்னது பொய். உனக்கு போன் எடுக்க வழியில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். மன்னிச்சிருடா."

கடையில் நகல் எடுக்க வந்த ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அந்த எண்ணுக்கு நேரம் முடிஞ்சிருச்சி டீச்சர், வேற எண் கேக்கணும்" என்று பாய் மெதுவாகச் சொன்னார். மறுபடியும் கேட்டோம். தம்பி ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னான், பாய் தட்டினார். மூன்றாவது கைப்பேசி பட்டியலிலிருந்து மறைந்தது.

"நீ அந்த லெட்டருக்குப் பதில் போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேனே. அன்னைக்கே."

தேடினோம். பெட்டியிலும் இல்லை, குப்பையிலும் இல்லை. அந்தத் திருடன் துடைத்து எடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"என்னடா எழுதுன?"

"ஒரே வரிதான் அக்கா. ‘அப்பாவோட மூணு மிஸ்டு கால் இன்னும் அந்தப் பழைய போன்ல இருக்கு, தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன்’னு எழுதுனேன்."

ஆறு வருஷம் அவன் யாரிடமும் சொல்லாத வரி அது. அக்காவிடம் சொல்வதாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறான். அதை முதலில் படித்தவன் எங்கே இருக்கிறான், என்ன முகம் என்று எனக்குத் தெரியாது.