ஆறாம் நம்பர் அறையும் கடைசி பிலிமும்

“காமிரா வாங்கிய புதிதில் தலைகால் தெரியாமல் ஆடினீரே, இப்போது அதைப் பற்றி மூச்சையே காணோமே, விற்றுவிட்டீரா?” என்று பத்து பகாட் ஊரிலிருந்து ஒரு வாசகர் போன வாரம் எழுதிக் கேட்டிருக்கிறார்.

விற்கவில்லை ஐயா. வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கேட்டுவிட்டீர்கள்... சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் காதர் நானாவால் வந்தது. ஜொகூர் பாருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கோத்தா திங்கி சாலையில் உள்ள ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் அரிசி, கருவாடு சப்ளை அவர்தான். ஒரு பழைய மோட்டார் கார் வைத்திருக்கிறார். மேலே துணிக் கூரை. மழை வந்தால் வெளியே நிற்பவனை விட உள்ளே உட்கார்ந்திருப்பவன்தான் அதிகம் நனைவான்.

ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்க்கிற என்னிடம் நானா ஒருநாள் சாயங்காலம் சொன்னார்: “கிராணி, நீங்க பொறந்த தோட்டத்துல பழைய லயத்தப் பிரிக்கப் போறாங்களாம். புதுப் பலகை வீடு கட்டியாச்சு. இந்த மாசம் முடியறதுக்குள்ள அது இருக்காது.”

எனக்கு நெஞ்சில் ‘சுருக்’ என்றது.

நான் பிறந்தது அந்த லயத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில். ஆறாம் நம்பர் அறை. எட்டு வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். அம்மா இறந்ததும் அங்கேதான். பிறகு மாமா என்னை டவுனுக்குக் கூட்டி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நானும் படித்து, ஆபீசில் உட்கார்ந்து, கோட்டு போட்டு, வாரா வாரம் உங்களிடம் வம்பளக்கும் பெரிய மனிதனாகிவிட்டேன்.

அம்மாவுக்குப் படம் கிடையாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணை அந்தக் காலத்தில் யார் படம் எடுத்தார்கள்? அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை. புடவையில் ரப்பர் பால் வாடை ஞாபகம் இருக்கிறது. வேலை முடிந்து வந்து கதவுக்குப் பக்கத்து ஆணியில் பால்கத்தியை மாட்டுவது ஞாபகம் இருக்கிறது. முகம் மட்டும் இல்லை.

முகம்தான் போய்விட்டது, அவள் இருந்த வீடாவது என்னிடம் இருக்கட்டுமே என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

ஒரு ரோல் பிலிம். எட்டுப் படம். ஒரு வீட்டை எடுக்க எட்டு எதற்கு? தாராளமாகப் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் புதிதாகக் காமிரா வாங்கியவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் அழகு! அருவியில் ஒன்று எடுத்தேன். அங்கேயே நானா, தன் காரோடு சேர்ந்து நிற்பேன் என்று அடம்பிடித்து ஒன்று. ஆற்றோரம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், சேற்றில் கிடந்த எருமை என்னைப் பார்த்த பார்வை பிடித்துப் போய் ஒன்று. பிறகு சாலையை விட்டுச் சற்று உள்ளே, சீனர்கள் முன்காலத்தில் தோல் பதனிடும் சாறுக்காகக் கம்பியர் இலை காய்ச்சிய கொட்டகை. ரப்பர் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் அந்த விவசாயம்தானே? கூரை பாதி விழுந்து, இரும்புக் கொப்பரையில் மழைத்தண்ணீர் நிறைந்து, அதற்குள் தவளை. அதை விட மனசு வருமா? மேகம் மறைத்துவிட்டதோ என்ற சந்தேகத்தில் இரண்டாவது முறையும் எடுத்தேன். தோட்டத்து முகப்பில் ஆளில்லாமல் கிடந்த பழைய ஆபீஸ், அதை ஒட்டிக் கரி பிடித்த புகைக்கூடம்...

காமிராவின் பின்னால் ஒரு சிவப்புத் துவாரம் உண்டு. அதில் நம்பர் தெரியும். பார்த்தேன். எட்டு!

ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் தோட்டத்தில் சேதி பரவிவிட்டது. ‘படம் புடிக்கிறவரு வந்திருக்காரு!’ ஞாயிறு என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் காரைச் சுற்றிக் கூட்டம். தோட்டங்களில் படத்துக்கென்றே ஒரு முறை உண்டு. ஊருக்கு அனுப்பும் படத்தில் கோட்டு இருக்க வேண்டும், குடை இருக்க வேண்டும், முடிந்தால் கைக்கடிகாரமும் இருக்க வேண்டும். தோட்டத்துக்கே கோட்டு ஒன்றுதான், கங்காணியுடையது. அதை எடுத்து வர ஆள் ஓடிவிட்டது.

நான் என்ன செய்தேன்? கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

“பிலிம் தீர்ந்துபோச்சு.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ஒரு பெண் மட்டும் போகவில்லை. முப்பது வயது இருக்கலாம். பெயர் அங்கம்மா என்று சொன்னாள்.

“ஒண்ணே ஒண்ணு எடுக்க முடியாதாங்கய்யா? எங்கம்மாவுக்கு அனுப்பணும்.”

“பிலிம் இல்லம்மா” என்றேன் மறுபடியும்.

“போன வருசம் இங்கேருந்து ஊருக்குத் திரும்பிப் போன ஒருத்தன், நான் காய்ச்சல்ல செத்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டாங்கய்யா. செத்தது வேற அங்கம்மா. நான் உசுரோட இருக்கேன்னு மூணு கடுதாசி போட்டேன். காயிதத்துல யாரு வேணும்னாலும் எழுதலாம்னு சொல்லிட்டாங்க. கைநாட்டு வெச்சி அனுப்புனேன். எல்லா வெரலும் ஒண்ணு மாதிரிதானே இருக்குன்னுட்டாங்க. எனக்குத் தெவசம் பண்ணிட்டு உக்காந்திருக்காங்கய்யா. மொகத்தப் பாத்தாத்தான் நம்புவாங்க. வருசா வருசம் திருவிழாவுக்குப் படக்காரரு வருவாரு, இந்த வாட்டி வரல...”

கேட்டேன். எல்லாம் காதில் விழுந்தது. பாவம் என்றும் நினைத்தேன். ஆனாலும் என் விரல் அந்தக் கடைசி பிலிமை விடவில்லை. அடுத்த மாதம் கூட அங்கம்மா இருப்பாள், லயம் இருக்காது அல்லவா? நியாயம் கண்டுபிடிப்பதில் நமக்கு ஈடு யார்?

“பழைய லயத்துல ஆறாம் நம்பர் எது?” என்று கேட்டேன்.

“நாங்க இருக்கறதுதாங்கய்யா” என்றாள்.

கூட்டிக்கொண்டு போனாள். பத்து அறைகள் கொண்ட நீளமான கொட்டகை. சுண்ணாம்பு உதிர்ந்த பலகைச் சுவர். கதவின் மேல் தாரால் எழுதிய ஆறு. தார் மங்கியிருந்தது. ஆணி இருந்தது ஐயா, அதே இடத்தில்! அதில் அங்கம்மாவின் பால்கத்தி தொங்கியது. எட்டு வயதில் எக்கித் தொட்ட ஆணி இப்போது என் தோளுக்கு நேராக இருந்தது.

அங்கம்மா வாசலில் ஏறி நின்று, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “என்னங்கய்யா பாக்கறீங்க?” என்றாள்.

“கொஞ்சம் நகர்ந்து நில்லும்மா” என்றேன்.

நகர்ந்தாள். காமிராவை நிமிர்த்தினேன். மூச்சைப் பிடித்தேன். ‘க்ளிக்’.

அந்தச் சத்தம் இருக்கிறதே... அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அங்கம்மா காமிராவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிலிம் இல்லை என்றீர்களே என்று கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

“வீட்ட எடுக்க வந்தீங்களா? சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் உலு திராம் ஊரைத் தாண்டியதும் நானா காரின் வேகத்தைக் குறைத்தார்.

“கிராணி, ஒண்ணு கேக்கவா? அந்தப் பொண்ணு அந்தக் கதவுலதானே நின்னுச்சு?”

“ஆமாம்.”

“அப்படியே எடுத்திருந்தா உங்களுக்கு வீடு, அதுக்கு மொகம். ஒரே பிலிம்ல ரெண்டு பேரு காரியமும் முடிஞ்சிருக்கும். என்னாத்துக்கு நவுரச் சொன்னீங்க? அலமாக்... இவ்வளவு படிச்சிருக்கீங்க!”

அது என் அம்மாவின் வாசல். அதில் வேறொரு பெண் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாசலைப் பெருக்குகிறவள், அந்த ஆணியில் கத்தி மாட்டுகிறவள், என் அம்மாவைப் போலவே விடியுமுன் எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுகிறவள்... அவளைப் போய் என் படத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தேனே!

அடுத்த ஞாயிறு இரண்டு ரோல் பிலிமோடு மறுபடியும் போனோம். வழியில் அருவி கூப்பிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லயத்தின் கூரையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பலகைகள் ஒருபுறம் அடுக்கிக் கிடந்தன. அங்கம்மா புது வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், சிரிக்கவில்லை.

“அன்னைக்கு ஒரு பிலிம் பாக்கி இருந்துச்சும்மா. உங்கிட்ட பொய் சொன்னேன். நான் அந்த ஆறாம் நம்பர்லதான் பொறந்தேன். எங்கம்மா அங்கதான் செத்தாங்க. அவங்களுக்குப் படம் கெடையாது” என்றேன். என் பேச்சு எனக்கே தெரியாமல் தோட்டத்துப் பேச்சாகிவிட்டிருந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “அத அன்னைக்கே சொல்லியிருந்தா, உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேனே” என்றாள்.

நானா காரைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படம் எடுக்க ஏற்பாடு தொடங்கியது. கங்காணி வீட்டம்மா தன் பட்டுப்புடவையைக் கொடுத்தாள். யாரோ சங்கிலி கொடுத்தார்கள். யாரோ கையில் குடையைத் திணித்தார்கள். நானா பெருந்தன்மையாகத் தன் காரையே பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கம்மா எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் காமிராவைத் தூக்கினேன்.

“நில்லுங்கய்யா” என்றாள். “இப்படி நின்னா எங்கம்மா வேற யாரோன்னு சொல்லிரும்.”

உள்ளே போனாள். அன்றாடம் கட்டுகிற சீட்டிப் புடவையோடு திரும்பி வந்தாள். குடை இல்லை, சங்கிலி இல்லை. நெற்றிமுடியை ஒதுக்கிக் காட்டினாள். ஓரத்தில் ஒரு தழும்பு.

“சின்னப்புள்ளயில ஆட்டுக்கல்லுல விழுந்தது. இது படத்துல வுழுவுமாய்யா?”

விழ வைத்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை எடுத்தேன். மீதி பிலிமில் மற்ற ஆசாமிகள் வரிசையாக நின்றார்கள். பதின்மூன்று பேர். பதின்மூன்று படத்திலும் அதே கோட்டு! தமிழ்நாட்டில் பதின்மூன்று வீட்டில் இப்போது அது தொங்கிக்கொண்டிருக்கும்.

கப்பல் போய், கடுதாசி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை நானா அந்தக் கடுதாசியையே அங்கம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். அவள் தம்பி எழுதியிருந்தான். அம்மா படத்தைக் கையில் வாங்கியதும் தழும்பையெல்லாம் தேடவே இல்லையாம். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டா? அந்த ஊர்ல சோறு போடறாங்களா இல்லையா?” என்று திட்டினாளாம். அதற்குப் பிறகுதான் அழுதாளாம்.

ஆபீஸ் என்றும் பார்க்காமல் நானும் அழுதேன். நானா, “தூசி விழுந்துருச்சா கிராணி?” என்று கேட்டுவிட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் ரோலைப் பற்றியும் வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன். எட்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆறாம் நம்பர் அறைதான் எல்லாவற்றிலும் தெளிவு. கதவு, தார் எழுத்து, ஆணி, எல்லாம் துல்லியம். சட்டம் போட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு, ஆனா வாசல்ல யாருமே இல்லையே?” என்கிறார்கள்.

இருந்தாள். நான்தான் நகரச் சொன்னேன்.