தேவகி நீட்டாத கை

ஆரணியில் தேவகியின் குரலைக் கேட்காதவர் இருக்கலாம். கேட்டுவிட்டு, பாடுகிறது யார் என்று திரும்பிப் பார்க்காமல் போனவர் இருக்க முடியாது. கடைத்தெருவில் ஒரு வேப்பமரம், அதை ஒட்டி ஒரு சுவர், சுவரோரமாக அவளும் அவள் புருஷன் துரையும். அவன் உடுக்கை அடிப்பான், அவள் பாடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். ரேணுகாம்பாள் கதையை எடுத்தாளானால், பஸ்ஸுக்கு ஓடுகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஓடுவான்.

அவள் பெரணமல்லூர்ப் பக்கத்துப் பெண். நிலம் நீச்சு எதுவும் கிடையாது. பாடியே பிழைத்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டு உண்டு. பாடுகிறவள் கை நீட்டக் கூடாது. துண்டை விரித்துப் போடுவாள். போடுகிறவர் போடட்டும், போகிறவர் போகட்டும். பாட்டு முடிகிறவரை துண்டைத் தொடவும் மாட்டாள்.

மகள் தமிழ்ச்செல்வி நர்சிங் படிக்கச் சேர்ந்தபோது, தாயார் தொழில் என்ற இடத்தில் ‘பாடகி’ என்று எழுதியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை அடித்துவிட்டுக் ‘கூலி’ என்று எழுதினார். தேவகிக்கு எழுத்துத் தெரியாது, அடித்த கோடு தெரியும். “இன்னா சார் அது கோடு?” என்று கேட்டாள். அவர் சொன்னார். அவ்வளவுதான், நின்ற இடத்திலேயே பாட ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது அடி முடிவதற்குள் புது விண்ணப்பம் வந்துவிட்டது. அப்படிப்பட்டவள்.

வேப்பமரத்துச் சுவருக்குப் பின்னாலிருந்த பழைய கிடங்கை வாங்கி வேடியப்பன் பட்டுக்கடை கட்டினார். ஆள் கெட்டவர் இல்லை. வெயில் நாளில் துரைக்கு மோர் கொடுத்தனுப்புகிறவர்தான். வெளிச்சுவரில் பழங்காலத்துப் படம் ஒன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை. தெருவில் பாடுகிறவர்களை வெள்ளைக்காரன் காலத்தில் நிற்க வைத்து வரைந்த படம் ஒன்று போனில் கிடைத்தது. கையில் சின்ன மேளத்தோடு புருஷன், பக்கத்தில் பெண்சாதி. அதைப் பெரிதாக வரைய பெயிண்டர் கோகுல்ராஜை அமர்த்தினார்.

கோகுல்ராஜ் சுவரில் கோடு போட்ட அன்று தேவகிக்குப் பெருமை தாங்கவில்லை. படத்துப் பெண் இடது உள்ளங்கையைக் காதோடு ஒட்டி வைத்திருந்தாள். தேவகியும் அப்படித்தான் வைப்பாள். பஸ் ஹாரனும் அரிசி ஆலை லாரியும் போகிற சத்தத்தில் சொந்தக் குரல் தன் காதுக்குத் தப்பாமல் கேட்க அது ஒன்றே வழி.

“யோவ், பாருய்யா! எந்தக் காலத்துக்காரியோ, என்னாட்டமே காதப் புடிச்சிகினு நிக்கிறா” என்று துரையை இழுத்து வந்து காட்டினாள்.

கடை திறக்கிற நாள் காலையில் வந்து பார்த்தால், அந்தக் கை காதில் இல்லை. கீழே இறங்கி, உள்ளங்கை மேலே பார்க்க, தெருவைப் பார்த்து நீண்டிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

“கோகுலு, இன்னாடா இது?”

“நான் இன்னாக்கா பண்றது? மொதலாளி நேத்து ராத்திரி வந்து பாத்தாரு. பொம்பளைக்குக் காது வலி மாதிரி கீது, நல்ல நாள் அதுவுமா நல்லா இல்லைன்னாரு. கையேந்துற மாதிரி மாத்தச் சொல்லிட்டாரு.”

அதற்குள் வேடியப்பனே மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்துவிட்டார். “தேவகி, இன்னிக்கி ஒரு நாள் வேற எடம் பாத்துக்கம்மா. பத்து மணிக்கு விருந்தாளிங்க வராங்க. நாளையிலேருந்து இங்கியே நின்னு பாடு, யாரு வேணாங்கறது?”

“நவுந்துக்கறேங்க. மொதல்ல அந்தக் கைய காதுக்கு ஏத்துங்க.”

“படம்மா அது! உன்னயா வரஞ்சி வச்சிகீது?”

“வேற யாரை? இந்தச் செவுத்தாண்ட பாடறவ நான்தானே. எங்க ஆயா கை நீட்டல, எங்கம்மா நீட்டல, நான் நீட்டல. செத்துப்போனவ கேக்க மாட்டாள்னு அவளை நீட்ட வச்சிட்டீங்களே, நியாயமா?”

“பேஜார் பண்ணாத, தேவகி. நேரமாவுது.”

துரை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “வந்துடுடி. இருக்கிற எடமும் பூடப் போவுது.”

“எடம் போனா ஊர்ல வேற மரம் இல்லியா?” என்றாள் தேவகி. ஏணியடியில் தின்னரில் ஊறிக் கிடந்த துணியை எடுத்தாள். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. நீண்டிருந்த கை கரைந்து, முழங்கை வரை செம்மண் சகதியாய் வழிந்தது.

வேடியப்பன் கத்திய கத்தலில் மரத்துக் காக்கை பறந்துபோனது. “கோகுலு! ஜல்தியா அதே மாதிரி போடுடா! ஒன்னரை மணி நேரந்தான் இருக்குது!”

“போட்டுடலாம் மொதலாளி. ஆனா அவசரத்துல மனசுல இருந்து போட்டா கோணிக்கும். எதிர்ல ஒரு ஆளு கைய வச்சிகினு நின்னா அரை மணில முடிச்சிடுவேன்.”

“தேவகி, நில்லு.”

“எங்க கை அப்பிடி நீளாதுங்க, பழக்கமில்ல. நீங்களே நீட்டிகினு நில்லுங்க. உங்க கையப் பாத்து போடட்டும்.”

தெருவில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். வேடியப்பன் தன் கையைப் பார்த்தார். மூன்று மோதிரம் போட்ட கை. அது இருந்த இடம் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் போனது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“எதையாவது போட்டுத் தொலைடா” என்றார்.

தேவகி சுவருக்கு எதிரே போய் நின்றாள். இடது கையைக் காதில் வைத்தாள். வைத்த பிறகு சும்மா நிற்க வருமா? துரை உடுக்கையை எடுத்தான். அவள் பாட, கோகுல்ராஜ் அவள் கையைப் பார்த்துப் பார்த்து விரல் விரலாக ஏற்றினான்.

விருந்தாளிகள் கார் காராக வந்து இறங்கினார்கள். சுவரில் ஒருத்தி காதில் கை வைத்திருக்க, எதிரே ஒருத்தி அதே போல நின்று பாடுகிறாள். எல்லோரும் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். வாசலில் ரிப்பன் கட்டி, தட்டில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது. வேடியப்பன் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: “முடிச்சிடும்மா, ரிப்பன் வெட்டணும்.”

தேவகி பாட்டுக்கு நடுவில் மூச்சு எடுக்கிற நேரத்தில் பதில் சொன்னாள்.

“இன்னும் நாலு அடி கீதுங்க. நில்லுங்க.”

அவர் நின்றார்.