ஒற்றைக்கால் சிப்பாயின் சாய்தளம்

விக்கெரி தெருவின் இருபத்தாறு வீடுகளும் இரண்டு உலகப்போர்களுக்கு நடுவில் எழுந்தவை. சிவப்பு ஓடு, தடித்த தூண்கள், இடுப்புயரம்கூட வராத செங்கல் மதில். தெருவையே நகரசபை பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிவிட்டது. அதனால் கொல்லைப்பக்கம் யானையே கட்டிக்கொள்ளலாம். தெருவிலிருந்து தெரிகிற கதவுக்குப் பச்சை அடிக்க மட்டும் மூன்று படிவம்.

ஒன்பதாம் எண் வீட்டுக் கிளாரி டன்ஸ்டலின் மனைவி நோலாவுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன் கால்கள் விழுந்துவிட்டன. வாசலிலோ நாலு படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்ட அனுமதி கேட்டார். முகப்பு கெடும் என்று இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாம் முறை கிளாரி கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்: இந்த வீட்டில் முதலில் குடியிருந்தவர் போரில் ஒரு காலை விட்டுவந்த சிப்பாய், அவருக்கு இங்கே சாய்தளம் இருந்தது, அதையே திரும்பக் கட்டுகிறேன். எதிர்வீட்டு லெஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். உண்மையில் முதலில் இருந்தவர் இரண்டு காலும் நாலு பூனையும் உள்ள கசாப்புக்காரர். அனுமதி வந்துவிட்டது.

போன குளிர்காலத்தில் நோலா போய்விட்டாள். சக்கரத் தடம் பதிந்த சாய்தளம் மட்டும் வாசலில் கிடந்தது. அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் கிளாரி பக்கவாட்டுக் கதவு வழியாகவே போய்வந்தார். கடைசியில் இடிக்க அனுமதி கேட்டார்.

நகரசபையிலிருந்து இமோஜென் என்ற பெண் வந்தாள்.

"இதை எடுக்க முடியாதுங்க, கிளாரி. பட்டியல்ல 'அரிய சான்று'ன்னு போட்டிருக்கு."

"அம்மா, நான் சொன்னது பொய்ம்மா. சிப்பாயே கிடையாது."

"ரெண்டு அறிக்கையில வந்துட்டார். பேர் பெர்சின்னுகூட இருக்கு."

"பேரா? நான் வைக்கலியே!"

"யாரோ வெச்சிட்டாங்க." அவளுக்கும் சலித்திருந்தது. "இடிக்கத்தான் கூடாது. மேல பூந்தொட்டி வெச்சா யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் போனதும் கிளாரி நோலாவின் ரோஜாத் தொட்டி ஒன்றை இழுத்தார். எண்பத்தொரு வயது, பாதிச் சரிவில் மூச்சு வாங்கியது. தொட்டியை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். நோலா போனபிறகு அந்தச் சரிவில் அவர் உடம்பு படுவது அதுதான் முதல் தடவை. வெயிலில் சிமென்ட் சூடாக இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த லெஸ் மெதுவாகத் தெருவைத் தாண்டி வந்தார்.

"என்னடா, மூடி முடிச்சாச்சா?"

"ஒரு தொட்டிதான் ஏறுச்சு."

"மிச்சம்?"

"நாளைக்கு."

லெஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப பெர்சி எங்கடா?"

"ஒத்தக் காலோட எவ்வளவுதான் நடப்பான்? அவனும் இங்கதான் எங்கியாவது உக்காந்திருப்பான்," என்றார் கிளாரி. "கொஞ்சம் தள்ளி உக்காருடா."