ஸ்கூட்டருக்குள் சாரைப்பாம்பு

இன்று காலை விழுப்புரம் அலுவலகத்துக்குக் கிளம்பி, திண்டிவனம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

"பாம்பை அடிக்காதீர்கள்" என்று இந்த முகநூல் பக்கத்தில் ஓயாமல் எழுதுகிற நான், "கட்டை எடுத்துக்கினு வாங்க, அடிங்க!" என்று தெரு அதிரக் கத்தினேன்.

எதிர்வீட்டு அண்ணன் கட்டையோடு ஓடிவந்தார். என் மனைவிதான் குறுக்கே நின்றாள். "வேணாங்கண்ணா! பயர் சர்வீசுக்கு போன் பண்ணிட்டேன், வந்துக்கினு இருக்காங்க."

வந்த தீயணைப்பு வீரர் பாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டார். "சாரைதாங்க, விஷமில்ல. காட்டுல வுட்டுடுறோம்."

பிறகு காம்பவுண்டு சுவர்மேல் நின்றிருந்த என்னைப் பார்த்தார். "சார், உங்களயும் நாங்களே எறக்கணுமா?"

பாம்பு நலம். எனக்குத்தான் அந்த சீட்டில் உட்கார இன்னும் தைரியம் வரவில்லை. நாளை விழுப்புரம் போகிறவர்கள் சொல்லுங்கள், பின்னால் தொற்றிக்கொள்கிறேன்.