மூன்றாவது இரை

பாம்பு அறைக்குள் கால் வைக்க மாட்டார் வேர்ன் டட்டில். ஒரு காலத்தில் அது விருந்தினர் அறை. இப்போது சுவர் முழுக்க அடுக்குப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு சோளப்பாம்பு, விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு. "உன் குடித்தனக்காரங்க வாடகை குடுத்தாங்களா?" என்று கதவுக்கு வெளியிலேயே நின்று மனைவியைக் கிண்டலடிப்பார். உன்னைவிடக் குறைவாகத்தானே தின்கின்றன என்பாள் லோர்னா.

ஃபுளோரிடாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். ஊதா நிறப் பாம்பையும் முதுகில் நெடுங்கோடு ஓடும் பாம்பையும் சேர்த்து, ஊதா உடம்பில் கோடு போட்ட குட்டி ஒன்றைத் தன் வீட்டிலேயே பிறக்க வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. முதலில் பிறந்ததெல்லாம் சாதாரண ஆரஞ்சு. சக வளர்ப்பாளர்கள் அனுதாபப்படவில்லை. ஊதாவும் கோடும் அந்தக் குட்டிகளுக்குள் ஒளிந்திருக்கும், அடுத்த தலைமுறையில் வெளிவரலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த ஆரஞ்சுகளை வருடக்கணக்கில் வளர்த்து, ஒன்றோடொன்று சேர்த்து, மறுபடி முட்டைக்குக் காத்திருந்தாள். இந்தக் கோடையில் ஒரே ஒரு முட்டையிலிருந்து ஊதா மூக்கு எட்டிப் பார்த்தது, பின்னால் வந்த உடம்பில் நெடுங்கோடும் இருந்தது. லோர்னா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஆனால் குட்டி சாப்பிடவில்லை. எலிக்குஞ்சை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படியே போனால் பிழைக்காது. எலிமேல் பல்லியைத் தேய்த்துக் கொடுத்தால் வாசனைக்குத் தின்னும், வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு பல்லிக்குப் பின்னால் எங்கே ஓடுவது என்று சாப்பாட்டு மேசையில் புலம்பினாள்.

மறுநாள் வேர்ன் காப்பி டப்பாவோடு பாம்பு அறைக்குள் வந்து நின்றார். உள்ளே தோட்டத்துப் பச்சைப் பல்லி. தேய்த்துவிட்டுப் பல்லியை ஓடவிட்டார்கள். குட்டி எலியைக் கவ்வியது. வேர்ன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று இரை தின்னாத குட்டியை விற்பதில்லை என்று லோர்னா பாம்புக் கண்காட்சிகளில் தன் விற்பனை மேசையில் எழுதியே வைத்திருப்பாள். ஊதாக்குட்டி இரண்டு தின்றிருந்தபோது கண்காட்சி வந்தது. ஹாஸ்கெல் என்ற இளம் வளர்ப்பாளர் அதைப் பார்த்துவிட்டு மேசையை விட்டு நகரவே இல்லை.

"மூணாவத எங்க வீட்டுல தின்னட்டும், மிஸ் லோர்னா. நீங்க சொல்றதுதான் விலை."

அவளுக்கு மனம் ஆடத்தான் செய்தது. தின்றதும் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். கூட வந்திருந்த வேர்ன் வீடு திரும்பும் வழியெல்லாம் குட்டியின் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த இரை நாளில் அவளுக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. பல்லி வாசனை இல்லாமல் வெறும் எலிக்குஞ்சை வைத்துப் பார்க்கும்படி வேர்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து தின்றதா என்று கேட்டாள்.

"தொடவே இல்ல," என்றார் வேர்ன், மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தபடி. "இந்த வருஷம் பூரா தொடாதுன்னுதான் தோணுது."

லோர்னா பெட்டி மூடியைத் தூக்கினாள். குட்டியின் நடுவயிறு உருண்டு புடைத்திருந்தது. மூடியை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"ஹாஸ்கெல், மூணாவதும் தின்னுடுச்சுப்பா. ஆனா அது விக்கிறதுக்கில்ல. வீட்டுலயே ஒருத்தர் புடிச்சு வச்சுக்கிட்டாரு. அடுத்த தடவ பொறக்கிறது உனக்குத்தான்."

வேர்ன் இன்னும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே அதோட வாடகைய நீதான் குடுக்கணும்," என்றாள் லோர்னா.