துக்க வீட்டில் ஒரு "போய் வருகிறேன்": திண்டுக்கல்லில் படித்த அயர்லாந்துக் கதை

திண்டுக்கல் போய்விட்டு வந்து பூட்டைப் பற்றியும் பிரியாணியைப் பற்றியும் எழுதாத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனது ஒரே ஒரு வரிக்காக.

வங்கி வேலை போக மிச்ச நேரத்தில் அயர்லாந்துப் பெண் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைகளைத் தமிழில் பெயர்த்துவருகிறேன். (பதிப்பாளர் அறிவிக்கும்வரை பெயரைச் சொல்லக் கூடாது. கேட்காதீர்கள்.) அங்கே இப்போது எழுதும் பெண்களின் கதைகளில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சமையலறை, டீ, மாதா கோயில் மணி, வெளிநாடு போன மகள், போகாமல் இருந்துவிட்ட மகள், அவ்வளவுதான். கோபம் வந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எழுந்துபோய் டீ போடுவார்கள். எனக்கு இந்தக் கதைகள் என்றால் உயிர்.

அதில் ஒரு கதையை, அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கச் சொல்லி, திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள் வாசிப்பு வட்டம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். அம்மா இறந்த வீட்டுக்கு லண்டனிலிருந்து வரும் தங்கை, கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "போய் வருகிறேன்" என்கிறாள். கதையிலேயே ஈரமான இடம் அது. மொழிபெயர்த்தபோது நானே அழுதேன். வட்டத்திலிருந்து வந்த குரல்பதிவில் ஒரே கேள்விதான் இருந்தது: "அந்தத் தங்கச்சி ஏன் இம்புட்டு மோசமானவளா இருக்கா?"

செவ்வாய்க்கிழமை புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருச்சியில் காலை 6.50க்கு ரயில், முன்பதிவில்லாப் பெட்டியில் அறுபது ரூபாய். 8.25க்குத் திண்டுக்கல். நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் (நூறு கேட்டார், நான் முறைத்தேன்). வத்தலக்குண்டு சாலையில் டவுன் பஸ் ஏறினால் பதினான்கு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், பெண்களுக்குக் கட்டணமில்லை. இறங்குமிடத்தைச் சொன்னதும் கண்டக்டர் சிரித்தார்.

"ஸ்டெல்லா டீச்சர் வீடா? புத்தகம் படிக்க வாரீகளோ? கோயில் ஸ்டாப்புல எறங்குங்க. சத்தம் கேக்குற வீடுதேன்."

சத்தம் கேட்கத்தான் செய்தது. ஸ்டெல்லா அரசுப் பள்ளி ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக் கூடத்தில் ஏழு பெண்கள் கூடுகிறார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் மதியச் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். நடப்பது பிடிக்காதபோது உரிப்பதை நிறுத்துவது வழக்கம். எல்லாக் கையும் நின்றால் வாசிப்பவரும் நிறுத்த வேண்டும்.

"மழைய மட்டும் எடுத்துட்டா எல்லாம் நம்மூரு கதைதேன்" என்றார் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் பாக்கியம். "ஆனா அந்தத் தங்கச்சி! எழவு வீட்டுல நின்னுக்கிட்டு போயிட்டு வாரேங்குறா. இன்னொரு சாவுக்கு வாரேன்னுதானே அர்த்தம்? அவ என்ன மனுசி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை சாவு வீடுகளிலிருந்து நானே வாய் திறக்காமல் எழுந்து வந்திருக்கிறேன்! "அந்த ஊரில் அப்படிக் கணக்கில்லை. சொல்லாமல் போனால்தான் அங்கே தப்பு. கதைக்குள்ளேயே இருந்து இருந்து நம் வழக்கம் எனக்கு மறந்தே போய்விட்டது" என்று அசடு வழிந்தேன். வரியை எடுத்துவிடுகிறேன், அவள் பேசாமல் போகட்டும் என்றும் சொன்னேன்.

அதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் கை நின்றது. மற்றவர்கள் அவரைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

"என் தங்கச்சி ரீட்டா அந்த அயர்லாந்துலதேன் பதினாலு வருசமா நர்ஸு" என்றார். "அம்மா சாவுக்கு வந்தா. மூணாம் நாள் இந்த வாசல்லயே நின்னு, என் கையப் புடிச்சு, போயிட்டு வாரேங்க்கான்னா. முப்பதாம் நாள் பூசைக்குள்ள அப்பாவும் போயிட்டாரு. ரெண்டு வருசமாச்சு, நான் அவகூடப் பேசல."

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க திருச்சியில இருந்துக்கிட்டே மறந்துட்டீங்க, என்ன?"

"மறந்துவிட்டேன், டீச்சர்."

அவர் கதையை வாங்கி, அந்த வரியில் எல்லாக் கையும் நின்றுபோனதால் வட்டம் இதுவரை தாண்டாத அடுத்த பக்கத்தைத் தானே படித்தார். தங்கை டீ குடித்த கோப்பையை அக்கா கழுவாமல் அலமாரியில் எடுத்து வைக்கும் பக்கம் அது. பாதியில் தாளை நீட்டினார். மீதியைப் பாக்கியம் படித்து முடித்தார்.

சாப்பாட்டில் சாம்பாரோடு தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம், போதும் என்றாலும் விடவில்லை. இரண்டு மணிக்கு, அதாவது அங்கே காலை ஒன்பதரைக்கு, ஸ்டெல்லா கூடத்தில் எங்கள் எல்லோர் முன்னாலும் போன் போட்டார். "ரீட்டா, சாப்டியா?" என்றுதான் ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அழுகை. பிறகு இருவரும் பக்கத்துவீட்டு மாடு, மழை, முழங்கால் வலி என்று இருபது நிமிடம் பேசினார்கள். சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அச்சு அசல் அயர்லாந்துக் கதை. கடைசியில் ஒலிபெருக்கியில் ரீட்டாவின் குரல் தயங்கியது.

"சரிக்கா… வச்சிரவா?"

"ஏண்டி, சொல்லிட்டு வையி. போயிட்டு வாரேன்னு சொல்லு."

ரீட்டா சொன்னாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

வரியை மாற்ற வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம் என்று ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எங்காளுக திட்டட்டும். திட்டிட்டு அடுத்த பக்கம் படிக்கட்டும்."

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை வட்டம் கூடும், யார் வேண்டுமானாலும் போகலாம். ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எனக்கு எழுதினால் தனியாகச் சொல்கிறேன். திரும்ப 4.10க்கு ஒரு பஸ், அதை விட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெங்காயம் உரிக்கத் தெரிந்திருப்பது நல்லது. புத்தகம் வந்ததும் நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்தத் தங்கையைத் திட்டத் தோன்றும். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் அப்படி ஒரு தங்கை இருந்தால், பக்கத்தைப் புரட்டுவதற்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.