டவருக்குக் கொண்டுபோன பலாப்பழம்

கிரான் ஊருக்கு அப்பால், நெல்வயல்கள் விரிந்து கிடக்கும் வட்டையின் நடுவே ஒரு தொலைபேசி டவர் தனியாக நிற்கிறது. அந்தக் கிழமையில் மூன்றாவது தடவையாக அதைத் திருத்தப் போனேன். திருத்திவிட்டு வந்தால் மறுநாளே மின்சாரம் அறுந்து படுத்துவிடும். கொழும்பிலிருந்து மேலதிகாரி ஏசுவார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மோட்டார் சைக்கிளை உதைத்தேன், வேறு யாரை உதைப்பது?

அடுத்த நாள் காலை வேனில் நுவரெலியாவின் மலைக் குளிருக்குப் போவதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாங்கள் நான்கு பேர். பல வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவன் கேட்டது ஒன்றே ஒன்று, ஊர்ப் பலாப்பழம். நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வரும் வழியில்தான் டவர் மறுபடி படுத்துவிட்ட செய்தி வந்தது. வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்ற அவசரத்தில் நேரே போய்விட்டேன். கதிர் முற்றியிருக்கும் நாளில், யானை இறங்கும் வட்டைக்குள், பழுத்த பலாப்பழத்தோடு! எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகூட அதைச் செய்யாது.

உள்ளே போகிறவர்கள் பரணில் இருக்கும் காவற்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது அங்கே வழக்கம். நானும் சொன்னேன். பொழுதுபடுவதற்கு முன் திரும்பச் சொன்னார். சைக்கிளை வேலிக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, டவரின் கீழே இருந்த தகர அறைக்குள் போனேன்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. மின் ஆளியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எறும்புக் கூடு. மூன்று நாளாக என் உயிரை வாங்கியது இதுதானா என்று திட்டிக்கொண்டே சுரண்டினேன். பொழுது பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை; அப்போது வெளியே ஏதோ சரிந்து விழுந்தது. கதவிடுக்கால் பார்த்தேன். சைக்கிள் கிடந்தது. அதற்கு மேலே யானை நின்றது.

கதவைச் சாத்தினேன். அந்தக் கதவைத் தகரம் என்று சொல்வதே அதிகம். காவற்காரரை அழைக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தால் அதில் அலை இல்லை. எப்படி இருக்கும்? அந்த வட்டைக்கு அலை கொடுக்கிற டவரே செத்துக் கிடக்கிறது. அதைத் திருத்தினால்தான் என்னைக் காப்பாற்ற யாரையாவது கூப்பிட முடியும்.

கை நடுங்க நடுங்கக் கம்பியைப் பொருத்தினேன். திருகாணி இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. பிள்ளையாரை அழைத்தேன். பிறகு யாரை அழைத்தேன் என்று நினைவில்லை. ஆளியைப் போட்டதும் இயந்திரங்கள் இரைந்தன. கைப்பேசியைப் பார்த்தபடியே நின்றேன். அலை வந்தது.

வந்த கையோடு, அத்தனை நேரமும் காத்துக் கிடந்த நண்பர்களின் செய்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்துக்கொண்டு இறங்கின. நிறுத்தத் தெரியாமல் கைப்பேசியை வயிற்றோடு அமுக்கிக்கொண்டேன். வெளியே பழத்தை மெல்லும் சத்தம் நின்றது. கம்பி வேலி முறுகி வளையும் ஓசை கேட்டது. கண்ணில் பட்ட கடைசிச் செய்தி கனடாக்காரனுடையது: “பழம் பத்திரமா மச்சான்?”

காவற்காரருக்கு அழைப்பெடுத்தேன். குரலே வரவில்லை, மூச்சுத்தான் போனது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

“வெளிய வராத தம்பி. நாங்க வாறம்.”

உழவு இயந்திரத்தில் விளக்கெரிய வந்து வெடி கொளுத்தினார்கள். யானை பெரிய அவசரமில்லாமல் பற்றைக் காட்டுக்குள் போனது. வேலியில் ஒரு தூண் சாய்ந்திருந்தது. பழத்தில் ஒரு கொட்டைகூட மிச்சமில்லை.

மறுநாள் வேனில் மூவரும் என்னை வைத்து ஒரே பகிடி. நானும் சிரித்தேன். மகியங்கனையை நெருங்கும்போது மேலதிகாரி அழைத்தார். டவர் திரும்பவும் படுத்துவிட்டதாம். என்ன திருத்தினாய் என்று கேட்டார்.

“ஓம் சேர், திங்கட்கிழமை போறன்” என்றேன்.

பக்கத்தில் இருந்த கனடாக்காரன் என் கையைப் பார்த்தான். “குளிருதா மச்சான்?” என்று கேட்டான்.

“ஓம்” என்றேன்.

மலை இன்னும் தொடங்கவில்லை. வெயிலில் எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. அவன் பையைத் திறந்து தன் ஜாக்கெட்டை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டான்.